"என் எச்-இண்டெக்ஸ் 9தான், ஆராய்ச்சியை விட்டுவிடலாமா?"

கோவைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நாலு பக்கக் கடிதம், கூடவே ஒரு எக்செல் தாள். பெயர் வேண்டாம் என்கிறார். கையெழுத்துப் போடும் இடத்தில் 'கேழ்வரகுக்காரி' என்று போட்டிருக்கிறார், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வயது 37. கேழ்வரகு வறட்சியைத் தாங்குவதற்குக் காரணமான ஜீன்களில் வேலை பார்த்து 2016இல் பிஎச்டி முடித்தவர். அப்புறம் ஐரோப்பாவில் ஐந்து வருடம் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வு வேலை). 2021இல் ஊர் திரும்பினார், குழந்தை பிறந்தது, இரண்டு வருடம் வீட்டில். இப்போது ஒரு தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியர், வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பு. மொத்தம் 12 பேப்பர், கூகுள் ஸ்காலர் கணக்கில் 2,114 சைட்டேஷன் (மற்ற பேப்பர்கள் இவருடையதைக் குறிப்பிட்ட தடவைகள்), அதை வைத்து ஆளை அளக்கும் எச்-இண்டெக்ஸ் 9. அந்த 2,114இல் 1,860 ஒரே பேப்பருக்கு வந்தது. போஸ்ட்டாக் காலத்தில் அறுபது பேர் சேர்ந்து எழுதிய ஜீனோம் (ஒரு உயிரின் மொத்த மரபணுத் தொகுப்பு) பேப்பர் அது, இவர் பெயர் 31ஆவது.

சென்ற வருடம் ஒரு ஆய்வு நிறுவனத்தில் நேர்காணல். குழுவில் ஒருவர், "அந்த ஒண்ணை எடுத்துட்டா உங்க கையில என்னம்மா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். இவருக்குப் பதில் வரவில்லை. பஸ்ஸில் ஊர் வரும் வரை அழுதேன் என்று எழுதியிருக்கிறார். அடுத்த மாதமே, கூடப் படித்த நண்பருக்கு 'உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானி' என்று பஸ் ஸ்டாண்டு வாசலில் ஃப்ளெக்ஸ். அவர் நானோ பொருள்களில் வேலை செய்பவர், எச்-இண்டெக்ஸ் 34.

கேள்விகள் நாலு. ஆராய்ச்சியை விட்டுவிடலாமா? கல்லூரியில் ஒருவர் சேரச் சொல்லும் 'சைட்டேஷன் வாட்ஸ்அப் குழு'வில் சேரலாமா? பழைய கைடு 2022இல் வெளியிட்ட பேப்பரில், தான் பிஎச்டியில் உருவாக்கிய செடிகளை வைத்துச் செய்த வேலைக்குத் தன் பெயரை நாலாவதாகப் போட்டிருக்கிறார், அதற்கு ஏதாவது செய்ய முடியுமா? இந்த வயதுக்கு மேல் ஃபெல்லோஷிப் கிடைக்குமா?

வணக்கம் கேழ்வரகுக்காரி.

முதலில் அந்த நேர்காணலுக்கு வருகிறேன், மற்றதெல்லாம் அங்கிருந்துதான் கிளம்பியிருக்கிறது. நான் அந்த மேசைக்கு அந்தப் பக்கம் பல தடவை உட்கார்ந்தவன். நாற்பது விண்ணப்பங்களை முந்தின நாள் ராத்திரி புரட்டிவிட்டு வருகிற ஆளுக்கு, அறுபது பெயரில் 31ஆவதாக நிற்கிறவர் அந்தப் பேப்பரில் என்ன செய்தார் என்று தெரிய வழியே கிடையாது. அவர் கேட்ட தொனி மோசம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேள்வி நியாயமானது, அதற்கு உங்களிடம் பதிலும் இருந்திருக்கிறது. எனக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், அந்த ஜீனோமில் ஒரு ஜீன் குடும்பத்தின் 212 ஜீன்களை எட்டு மாதம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையால் சரிபார்த்தேன், மென்பொருள் தப்பாக ஒட்டியிருந்தவற்றைப் பிரித்தேன், இணைப்பில் ஒரு பகுதியை நானே எழுதினேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். இதை அவரிடம் சொன்னீர்களா? உங்கள் சிவியில் இருக்கிறதா? அனுப்பியிருந்த சிவியைப் பார்த்தேன், இல்லை. வெறும் பேப்பர் தலைப்பு, பக்கத்தில் இதழின் இம்பாக்ட் ஃபாக்டர், அவ்வளவுதான்.

அந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்

உங்கள் எக்செல் தாளில் சைட்டேஷன்கள் இப்படி இருக்கின்றன: 1,860, 74, 51, 33, 28, 19, 14, 11, 9, 7, 5, 3. எச்-இண்டெக்ஸ் என்பது இப்படி இறங்குவரிசையில் அடுக்கி, எத்தனையாவது பேப்பர் வரை அதன் வரிசை எண்ணுக்குக் குறையாமல் சைட்டேஷன் இருக்கிறது என்று பார்ப்பது. ஒன்பதாவது பேப்பருக்கு 9, பத்தாவதுக்கு 7, அதனால் உங்கள் எச் 9. இப்போது அந்தப் பெரியவர் சொன்ன மாதிரி ஜீனோம் பேப்பரை எடுத்துவிடுங்கள். மொத்தத்தில் 88 சதவீதம் காணாமல் போகும், 254 மிஞ்சும். எச் எவ்வளவு ஆகும்? 8. ஒன்றுதான் குறைகிறது. அந்தப் பேப்பர் உங்கள் மொத்த எண்ணிக்கையை ஊத வைத்திருக்கிறது, ஆனால் உங்கள் எச் பெரும்பாலும் உங்கள் சொந்த வேலையில்தான் நிற்கிறது. இந்தக் கணக்கைப் போட இரண்டு நிமிடம் ஆகியிருக்கும், நீங்கள் ஒரு வருடம் அழுதிருக்கிறீர்கள்.

இன்னொரு இடத்தில், விண்ணப்பப் படிவத்தில் ஸ்கோபஸ் (ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளம் ஒன்று) கணக்கில் எச் கேட்டார்கள், அதில் 7 என்று வந்தது, "மூன்று மாதத்தில் 9லிருந்து 7க்கு இறங்கிவிட்டேன்" என்று பதறியிருக்கிறீர்கள். எதுவும் இறங்கவில்லை. கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, முன்பதிப்பு, கருத்தரங்கத் தொகுப்பு எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும். ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் தங்கள் பட்டியலில் உள்ள வெளியீடுகளை மட்டும் எண்ணும். அதே ஆள், அதே வேலை, மூன்று தராசு. எந்தத் தராசு என்று குறிப்பிடாமல் எச்-இண்டெக்ஸ் எழுதுவது, அலகு போடாமல் எடை எழுதுவது மாதிரி. சிவியில் அதையும் திருத்துங்கள்.

அப்புறம் நண்பரோடு ஒப்பீடு. எச்-இண்டெக்ஸை 2005இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். துறைக்குத் துறை எண் மாறும் என்று அந்தக் கட்டுரையிலேயே சொல்லிவிட்டார், பின்னாளில் இதனால் வந்த கெடுதல்களைப் பற்றியும் அவரே எழுதினார். சைட்டேஷன் என்பது இன்னொருவர் உங்கள் பேப்பரைத் தன் பேப்பரில் குறிப்பிடுவதுதானே, அப்படியென்றால் அந்த 'இன்னொருவர்' எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. நானோ பொருள்களில் ஒரு வாரத்தில் வருகிற பேப்பர்கள் கேழ்வரகு மூலக்கூறு உயிரியலில் பல வருடம் சேர்த்தாலும் வராது. வேகமும் வேறு. மனித செல் வரிசையில் வேலை செய்கிறவர் ஒரு ஜீனை உள்ளே விட்டு அந்த வாரமே முடிவு பார்த்துவிடுவார். நீங்கள் காலஸ் (செடியின் செல் திரள்) வளர்த்து, செடிக்குள் ஜீனைக் கொண்டுபோகும் அக்ரோபாக்டீரியத்தில் தோய்த்து, ஆன்டிபயாட்டிக்கில் பிழைத்ததைப் பொறுக்கி, தளிர் வரவைத்து, வேர் பிடிக்கவைத்து, தொட்டிக்கு மாற்றி, அது கதிர் விட்டு விதை கொடுத்து, அந்த விதையிலிருந்து அடுத்த தலைமுறை வந்த பிறகுதான் பேப்பருக்கான முதல் படத்தையே போட முடியும். அதுவும் கேழ்வரகில் இரண்டு ஜீனோம் சேர்ந்து கிடக்கிறது. ஒரு பிரதியை நிறுத்தினால் இன்னொன்று பேசாமல் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

அந்த 'இரண்டு சதவீதம்' பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் கொடுக்கிற பட்டமோ விருதோ கிடையாது. அங்குள்ள ஜான் அயோன்னிடிஸ் என்ற பேராசிரியரும் உடனிருந்தவர்களும் ஸ்கோபஸ் தரவை வைத்துத் தயாரிக்கிற ஒரு தரவுத் தொகுப்பு. வாழ்நாள் கணக்கு ஒன்று, ஒரே வருடக் கணக்கு ஒன்று என்று இரண்டு பட்டியல் உண்டு, ஃப்ளெக்ஸில் எது என்று போடமாட்டார்கள். உபதுறை வாரியாகத்தான் பிரிக்கிறார்கள், சுயசைட்டேஷனை நீக்கிப் பார்க்கவும் வழி வைத்திருக்கிறார்கள், அதனால் மோசமான வேலை என்று சொல்லமாட்டேன். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று எங்கே நிற்கிறோம் என்பதையும் கணக்கில் எடுக்கிறார்கள், ஆகவே உங்கள் 31ஆவது பெயருக்கு அங்கே பெரிய உதவி இருக்காது. நண்பர் நிஜமாகவே நல்ல வேலை செய்திருக்கலாம், வாழ்த்துச் சொல்லுங்கள். அவர் ஃப்ளெக்ஸில் உங்களைத் தேடாதீர்கள்.

இம்பாக்ட் ஃபாக்டரும் இப்படித்தான். ஒரு இதழில் முந்தைய இரண்டு வருடங்களில் வந்த கட்டுரைகளுக்கு இந்த வருடம் கிடைத்த சைட்டேஷனைக் கட்டுரை எண்ணிக்கையால் வகுப்பது, அவ்வளவே. அது இதழின் சராசரி, உங்கள் பேப்பரின் மார்க் அல்ல. ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற இதழின் இம்பாக்ட் ஃபாக்டர் சுமார் 2 ஆக இருந்தது, 2009 கணக்கில் திடீரென்று கிட்டத்தட்ட 50ஐத் தொட்டது. காரணம் ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008இல் தன் ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பற்றி எழுதிய ஒற்றைக் கட்டுரை. அந்த வருடம் அதே இதழில் எழுதிய மற்றவர்கள் எல்லாரும் 50 இம்பாக்ட் ஃபாக்டர்காரர்கள் ஆகிவிட்டார்கள், பாவம், அவர்கள் ஒன்றுமே செய்யவில்லை. 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உயிரணு உயிரியலாளர்கள் கூட்டத்தில் உருவான டோரா பிரகடனம், ஆளை எடைபோட இதழின் எண்ணைப் பயன்படுத்தாதீர்கள் என்று கேட்டது இதனால்தான். நம் நாட்டில் இந்தியா அலையன்ஸ் மாதிரி நிதி கொடுப்பவர்கள் அதில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். எல்லாத் தேர்வுக் குழுவும் அப்படி நடக்கிறதா என்றால், இல்லை. அதனால் எண்ணே போடாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். எண்ணைப் போடுங்கள், பக்கத்தில் துறையோடு ஒப்பிட்ட எண் ஒன்றையும் போடுங்கள். அமெரிக்காவின் என்.ஐ.எச் நடத்தும் ஐசைட் என்ற இலவசக் கருவியில், பப்மெடில் உள்ள உங்கள் பேப்பர்களைக் கொடுத்தால், அதே துறையில் அதே காலத்தில் வந்தவற்றோடு ஒப்பிட்டு ஒரு விகிதம் தரும். 74 சைட்டேஷன் என்பது கேழ்வரகு மாதிரிச் சின்ன வட்டத்தில் எங்கே நிற்கிறது என்று அதில் பாருங்கள்.

இதோடு இன்னொன்று: உங்கள் சொந்தப் பேப்பரை நீங்கள் சைட் செய்வதே இல்லை, 'அசிங்கமாக இருக்கும்' என்கிறீர்கள். 2019 பேப்பரின் செய்முறைப் பகுதியில், 2017இல் நீங்களே விவரித்த முறையைச் சொல்லிவிட்டு, எங்கிருந்து வந்தது என்று போடாமல் விட்டிருக்கிறீர்கள். இது அடக்கம் இல்லை, படிக்கிறவருக்குச் செய்கிற அநியாயம். அவர் அந்த முறையை எங்கே போய்த் தேடுவார்? தேவையான இடத்தில் தன்னைக் குறிப்பிடுவது சாதாரண நடைமுறை. சம்பந்தமில்லாத இடத்தில் பத்துப் பேப்பரைச் செருகுவதுதான் அசிங்கம்.

வாட்ஸ்அப் குழு

சேராதீர்கள்.

ஆளுக்கு ஐந்து பேப்பர் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் எழுதும் எல்லாவற்றிலும் அது சைட் ஆகும், பதிலுக்கு நீங்களும் செய்ய வேண்டும், 'யாருக்கும் நஷ்டமில்லை' என்று சொன்னாராம். இன்னொரு தகவலில், அச்சுக்குப் போகத் தயாராக இருக்கும் பேப்பரில் மூன்றாவது பெயருக்கு இவ்வளவு ரூபாய் என்று விலைப்பட்டியலும் வந்திருக்கிறது. இரண்டும் ஒரே கடையின் இரண்டு கவுன்ட்டர்கள். சைட்டேஷன் தரவு பெரும்பாலும் திறந்து கிடக்கிறது, யார் யாரை எத்தனை தடவை, எந்த மாதத்தில் என்று வரைபடம் போட்டால் இப்படிப்பட்ட வட்டம் கண்ணுக்கு முடிச்சாகத் தெரியும். இம்பாக்ட் ஃபாக்டரை வெளியிடும் கிளாரிவேட் நிறுவனம் ஒருவரையொருவர் ஊதிவிடும் இதழ்களுக்கு இம்பாக்ட் ஃபாக்டர் தராமல் நிறுத்திவைக்கிறது. ஹிண்டாவி பதிப்பகம் 2023இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது, பெரும்பாலும் போலிப் பேப்பர்களைத் தயாரித்து விற்கும் பேப்பர் ஆலைகளின் கைவரிசை. அப்படித் திரும்பப் பெற்றால் அந்தப் பேப்பர் மறையாது. உங்கள் பெயரோடு, மேலே சிவப்பு எழுத்தில் அறிவிப்போடு, இணையத்தில் நிற்கும். உங்கள் குழந்தை பெரியவளாகித் தேடினாலும் வரும்.

ஆனால் உங்கள் நெருக்கடியும் எனக்குப் புரிகிறது. வருடத்துக்கு இரண்டு ஸ்கோபஸ் பேப்பர் இல்லையென்றால் இன்கிரிமென்ட் கிடையாது என்று முதல்வர் சொல்லியிருக்கிறார். 16 மணி நேர வகுப்பு, டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் மெஷின் ஒன்று, டிரான்ஸ்ஃபர்மேஷன் (செல்லுக்குள் ஜீனை ஏற்றும்) வசதி இல்லை, இதில் கேழ்வரகு வளர்த்து வருடம் இரண்டு பேப்பர் போட முடியாது, நானாக இருந்தாலும் முடியாது. இதற்கு நேர்மையான வழி ஒன்று உண்டு: ஈரமான வேலையை, அதாவது ஆய்வக வேலையை, குறைத்துக்கொண்டு, கணினி வேலைக்குப் போங்கள். பொதுவெளியில் கிடக்கும் சிறுதானிய ஆர்என்ஏ தரவை எடுத்து, உங்களுக்குக் கைவந்த ஜீன் குடும்பப் பகுப்பாய்வைச் செய்யலாம். 212 ஜீன்களைக் கையால் திருத்திய ஆள் நீங்கள், அந்தத் தரத்தில் செய்தால் அது நல்ல இதழுக்கே போகும். எம்எஸ்சி மாணவர்கள் இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்ளலாம், அவர்களுக்கும் பேப்பர். வருடம் இரண்டு வராது, ஒன்று வரும். மிச்சத்துக்கு முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள், எந்த விதியின்படி என்று. யுஜிசி-கேர் என்ற அங்கீகரிக்கப்பட்ட இதழ்களின் பட்டியலையே 2025 பிப்ரவரியில் யுஜிசி கைவிட்டுவிட்டது, இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கல்வி நிறுவனங்களிடமே வந்துவிட்டது. அதனால் ஸ்கோபஸ் என்ற ஒற்றைச் சொல்லை மேலிருந்து வந்த கட்டளை மாதிரிக் காட்டினால் கேள்வி கேட்க இடமிருக்கிறது. குழுவில் வந்த தகவல்களை அழிக்காதீர்கள், நாளைக்கு உங்கள் பெயரை யாராவது இழுத்தால், நீங்கள் மறுத்ததற்கான சாட்சி அதுதான்.

நாலாவது பெயர்

இதில் உங்களுக்கு உரிமை உண்டு, அது நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. இதழுக்கு எழுதினால் அவர்கள் விசாரித்துப் பெயரை மாற்றுவார்கள் என்று நினைக்கிறீர்கள். மாற்றமாட்டார்கள். வெளியீட்டு நெறிமுறைக்கான கோப் அமைப்பின் வழிகாட்டுதல்படி, பெயர்த் தகராறில் யார் சொல்வது சரி என்று இதழ் தீர்ப்புச் சொல்லாது. ஆசிரியர்கள் எல்லாரும் சேர்ந்து ஒப்புக்கொண்டால் திருத்தம் போடும், இல்லையென்றால் வேலை நடந்த நிறுவனத்திடம் தள்ளிவிடும். ஆக உங்கள் வழக்கு கைடின் நிறுவனத்தில்தான் நடக்கும், அங்கே அவர் துறைத்தலைவர்.

வரிசைக்கு மதிப்பில்லை என்றும் சொல்லமாட்டேன். யுஜிசியின் 2018 விதிகளில் ஆய்வு மதிப்பெண் போடும்போது, இரண்டு பேருக்கு மேல் எழுதிய பேப்பருக்கு முதல் பெயரும் கரெஸ்பாண்டிங் ஆதரும் (பேப்பருக்குப் பொறுப்பாக இதழோடு தொடர்பு வைத்திருப்பவர்) 70 சதவீதம் வாங்குவார்கள், மற்றவர்களுக்கு ஆளுக்கு 30. அந்தக் கோபம் காசுக் கணக்கிலும் நியாயமே. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், செடிகளை உருவாக்கியது நீங்கள், 2020க்குப் பிறகு அதில் வறட்சிச் சோதனை, ஆர்என்ஏ வரிசையாக்கம், பேப்பர் எழுதியது எல்லாம் அதில் முதல் பெயராக நிற்கும் மாணவி. முதல் பெயர் அவருக்குப் போனது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டாவது பெயர் உங்களுக்கு வந்திருக்கலாம், அல்லது இணை முதல் பெயர். நாலாவது கஞ்சத்தனம். வரைவை உங்களுக்குக் காட்டாமலே அனுப்பியதுதான் உண்மையான தவறு. இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் கொடுத்திருந்தால்தான் ஒருவர் ஆசிரியர் என்பது மருத்துவ இதழ் ஆசிரியர்களின் குழுவான ஐசிஎம்ஜேஇ வகுத்த நெறியின் நாலு நிபந்தனைகளில் ஒன்று.

போராடலாமா? உங்கள் லேப் நோட்டுப் பக்கங்கள், தேதியுள்ள மெயில்கள், விதைப் பதிவேடு எல்லாவற்றையும் ஒரு இடத்தில் சேர்த்து வையுங்கள், அது எப்போதும் நல்லது. முறையான புகார் கொடுத்தால் ஒரு வருடமாவது போகும், இந்த ஆளிடமிருந்து வர வேண்டிய சிபாரிசுக் கடிதமும் போகும், ஜெயித்தாலும் 28 சைட்டேஷன் உள்ள பேப்பரில் இரண்டு இடம் முன்னே வருவீர்கள். நான் என்றால் சின்னதாகக் கேட்பேன்: பங்களிப்பு அறிக்கையில் 'செடிகளை உருவாக்கியவர், முறையை வடிவமைத்தவர்' என்று என் பெயரைச் சேர்த்துத் திருத்தம் போடுங்கள் என்று. கிரெடிட் என்ற பங்களிப்பு வகைப்பாட்டில் 14 பிரிவுகள் இருக்கின்றன, உங்களுக்கு அதில் குறைந்தது இரண்டு கட்டாயம் பொருந்தும். வரிசையைத் தொடாத திருத்தத்துக்குக் கைடுகள் பொதுவாக முரண்டு பிடிப்பதில்லை. அவரோடு உறவை அறுக்காமல் வைத்திருக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதுதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான விஷயம், நீங்கள் அதை ஒன்றரை வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள்.

மைனஸ் எண்பதில் கிடக்கும் குழாய்

"இதற்கு நடுவில் 2017 பேப்பரில் வந்த வெக்டரைக் கேட்டு 11 லேப்கள் மெயில் போட்டிருக்கிறார்கள், பதில் போட நேரமில்லை, பழைய லேப் ஃப்ரீசரில் கிடக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். கேழ்வரகின் ப்ரொமோட்டர் (ஜீனை இயக்கும் டிஎன்ஏ துண்டு) வைத்த வெக்டர் (செல்லுக்குள் ஜீனைக் கொண்டுபோகும் டிஎன்ஏ), தினையிலும் சாமையிலும் வேலை செய்கிறது என்று பேப்பரிலேயே காட்டியிருக்கிறீர்கள், சிறுதானியத்தில் இறங்குகிற லேப் எல்லாம் அதைத் தேடுகிறது, அது ஒரு கிளிசரால் குழாயில், மூடி மேல் மார்க்கரில் உங்கள் இனிஷியலோடு, எந்தப் பெட்டி என்று உங்களுக்கு மட்டும் தெரிந்தபடி, உறைந்து கிடக்கிறது. அந்தப் பேப்பரின் 74 சைட்டேஷன் இதைக் கொடுக்காமலே வந்தது!

மூலக்கூறு உயிரியலில் அதிகம் சைட் ஆவது பெரும்பாலும் கருவிகளும் முறைகளும்தான். புரதத்தை அளக்க ஆலிவர் லோரி 1951இல் எழுதிய கட்டுரை மூன்று லட்சம் சைட்டேஷனைத் தாண்டியது, அது ஒன்றும் மகத்தான பேப்பர் இல்லை என்று அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். எல்லாருக்கும் அது தினமும் தேவைப்பட்டது, அவ்வளவுதான். அளவுக்கு மீறிப் பயன்பட்டால் சைட்டேஷன் நின்றும் போகும், அது வேறு கதை: கிண்டி வளாகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் 1963இல் வெளியிட்ட, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டும் வரைபடத்தை இன்றைக்கு எந்தப் புரத அமைப்பைச் சரிபார்த்தாலும் போடுகிறார்கள், மூலக் கட்டுரையைக் குறிப்பிடாமலே 'ராமச்சந்திரன் பிளாட்' என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம்.

கொடுத்துவிட்டால் மற்றவர்கள் முந்திவிடுவார்களே என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். டக்ளஸ் பிராஷர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜெல்லிமீனின் பச்சை ஒளிர் புரதத்துக்கான ஜீனை 1992இல் குளோன் செய்து வெளியிட்டார், கேட்ட இருவருக்கும் அனுப்பினார், அந்த இருவரான மார்ட்டின் சால்ஃபியும் ரோஜர் சியெனும் 2008இல் ஒசாமு ஷிமோமுராவோடு நோபல் வாங்கியபோது இவர் அலபாமாவில் கார் விற்கும் ஷோரூம் ஒன்றின் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். இந்தக் கதையை 'கொடுக்காதே' என்று சொல்ல எடுத்துவிடுவார்கள். ஆனால் அவரை வீழ்த்தியது அடுத்த நிதி கிடைக்காமல் போனது, அனுப்பிவைத்த டிஎன்ஏ அல்ல. அனுப்பியதால்தான் இன்றைக்கும் அவர் பெயர் சொல்லப்படுகிறது, சால்ஃபியும் சியெனும் தங்கள் பேப்பர்களிலும் மேடையிலும் அவரைச் சொன்னார்கள். ஃப்ரீசரில் வைத்துப் பூட்டியிருந்தால் அதுவும் கிடையாது.

இப்போது நடைமுறை. வெக்டர் உங்கள் மூளையில் பிறந்தாலும் சட்டப்படி அது பிஎச்டி செய்த நிறுவனத்தின் சொத்து, அதனால் கைடைத் தாண்டி யாருக்கும் அனுப்பாதீர்கள். அவருக்கு ஒரு மெயில்: 11 லேப்கள் கேட்கின்றன, ஆட்ஜீன் களஞ்சியத்தில் நம் இருவர் பெயரிலும் சேர்த்துவிடலாமா, வேலை முழுக்க நான் பார்த்துக்கொள்கிறேன். அவர் மறுக்க ஒரு காரணமும் இல்லை, அவருக்கும் சைட்டேஷன் வரும். ஆட்ஜீன் 2004இல் தொடங்கிய லாபநோக்கமற்ற அமைப்பு, பிளாஸ்மிட் (உங்கள் வெக்டர் மாதிரியான வட்ட டிஎன்ஏ) போட்டுவைக்கிறவரிடம் காசு வாங்குவதில்லை, பொருள் பரிமாற்ற ஒப்பந்தக் காகிதங்களை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், வாங்குகிறவரிடம் எந்தப் பேப்பரைக் குறிப்பிட வேண்டும் என்றும் சொல்லிவிடுவார்கள். இரண்டு விஷயம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல். இன்னொன்று, கேழ்வரகின் ப்ரொமோட்டர் இந்திய ரகத்திலிருந்து எடுத்ததென்றால், வெளிநாட்டுக்குப் போகும் முன் 2002ஆம் வருடப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி தேவையா என்பது. ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. இதில் அலட்சியம் வேண்டாம், நல்லெண்ணத்தில் அனுப்பியதற்கே சிக்கலில் மாட்டியவர்கள் உண்டு.

11இல் 7 பேர் இந்தியாவில் என்கிறீர்கள். அவர்களுக்கு, நிறுவனம் ஒப்புக்கொண்டதும், பழைய முறையே போதும். வாட்மன் ஃபில்டர் பேப்பரில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, நடுவில் சில மைக்ரோலிட்டர் டிஎன்ஏ விட்டுக் காயவைத்து, கவரில் போட்டு ஸ்பீடு போஸ்ட். அவர்கள் வட்டத்தை வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து, ஈ. கோலை பாக்டீரியாவில் ஏற்றிக்கொள்வார்கள். எங்கள் காலத்தில் பாதி இந்தியாவுக்கு பிளாஸ்மிட் இப்படித்தான் போனது. கூடவே ஒரு தாளில், என்ன ஆன்டிபயாட்டிக், எந்த ஸ்ட்ரெயின், எங்கே தடுமாறும் என்று எழுதி அனுப்புங்கள். அந்த ஏழில் இரண்டு பேராவது 'டிரான்ஸ்ஃபர்மேஷன் வரவில்லை, உதவுங்கள்' என்று திரும்ப எழுதுவார்கள், அங்கேதான் கூட்டுவேலை தொடங்கும், உங்களுக்கு இல்லாத பசுமைக்குடிலும் பயிர் அறையும் அவர்களிடம் இருக்கும்.

வேலை, வயது

37 வயதில் கதவு மூடிவிட்டது என்று யார் சொன்னது? இந்தியா அலையன்ஸ் ஃபெல்லோஷிப்களுக்கு வயது வரம்பே கிடையாது. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் பயோகேர் திட்டமும், அறிவியல் தொழில்நுட்பத் துறையின் பெண் விஞ்ஞானி திட்டமும் (இப்போது வைஸ் என்ற பெயரில் வருகிறது) இடைவெளி விட்டுத் திரும்புகிறவர்களை மனதில் வைத்தே தொடங்கியவை. ஒவ்வொரு அழைப்பிலும் தகுதி விதிகள் மாறும், அறிவிப்பை வரிவரியாகப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். இரண்டு வருட இடைவெளியை சிவியில் ஒளிக்காதீர்கள், 'மகப்பேறு, 2021–23' என்று ஒரே வரி போதும்.

நிரந்தர ஆய்வு நிறுவன வேலை கட்டாயம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. இடம் குறைவு, ஆள் அதிகம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனே போஸ்ட்டாக் முடித்த பிறகு அமெரிக்காவில் ஐம்பது இடங்களுக்கு எழுதிப் போட்டு ஒன்றும் அமையவில்லை என்று சொல்லியிருக்கிறார், 2009இல் நோபல் வாங்கியது அதே ஆள். அவர் மாதிரி ஆகிவிடுவீர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை, ஒரு மறுப்பை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது என்பதற்காக. கல்லூரி வேலையை இப்போதைக்கு விடாதீர்கள், சம்பளம் வேண்டும், விண்ணப்பத்தில் போட ஒரு முகவரியும் வேண்டும். ஒரு ஃபெல்லோஷிப் சுற்று, இரண்டு சுற்று போட்டுப் பாருங்கள். அதற்குள் வெக்டர் வெளியே போயிருக்கும். அடுத்த நேர்காணலில் யாராவது அந்த ஒன்றை எடுத்துவிட்டால் என்ன இருக்கிறது என்று கேட்டால், எத்தனை லேப்கள் உங்கள் வெக்டரை ஓட்டிக்கொண்டிருக்கின்றன என்று ஊர் பெயரோடு சொல்லலாம்.

சிவியை இந்த ஞாயிற்றுக்கிழமை திருத்துங்கள், ஒவ்வொரு பேப்பருக்குக் கீழேயும் 'நான் செய்தது' என்று ஒரு வரி. ஆனால் அதற்கு முன்னால், இன்று ராத்திரி குழந்தை தூங்கியதும், அந்த 11 மெயிலில் முதலில் வந்தது எது என்று பாருங்கள். ஒன்றரை வருடம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். "தாமதத்துக்கு மன்னிக்கவும், அனுமதி கேட்டிருக்கிறேன், இன்னும் தேவைப்படுகிறதா?" என்று எழுதுங்கள். கைடுக்கான மெயிலின் வரைவு வேண்டுமென்றால் எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.